கூண்டுக்குள் இருந்த குளிர்காலம்

பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து ஒரு நியூட்ரினோ ஆய்வகம் கட்டப்போவதாகப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கட்டலாமா கூடாதா என்று வாதம் நடக்கிறது. மலை பாட்டுக்கு நிற்கிறது. இதற்கிடையில், தேவாரம் போகிற சாலையில் ஊத்துப்பட்டி மேலத்தெருவில், யாரிடமும் அனுமதி கேட்காமல், ஓர் ஆணியும் ஒரு பாட்டிலும் கொண்டு ஓர் ஆய்வகம் முப்பத்தோரு வருடமாக ஓடிக்கொண்டிருப்பது வெளியுலகத்துக்குத் தெரியாது. அதன் இயக்குநர் கருத்தக்கண்ணன், வயது ஐம்பத்தெட்டு, தென்னந்தோப்பும் ஒரு பந்தல் திராட்சையும் உள்ள விவசாயி. அதன் ஒரே ஊழியர், விடுப்பே இல்லாதவர், அவருடைய மனைவி ராக்கம்மாள்.

ஆய்வகத்தின் வேலை ஒன்றே ஒன்று: குளிர்காலம் வந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது.

இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கருத்தக்கண்ணனைச் சந்தித்ததில்லை. காலண்டரைப் பார்த்தால் போதாதா என்று ராக்கம்மாள் கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டாள். "காலண்டரு சிவகாசில அடிக்கிறது. சிவகாசில என்னைக்குப் புள்ள குளுந்துச்சு?" என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. டிவியில் சொல்கிறார்களே என்றால், சொல்கிறவர் சென்னையில் ஏசி அறையில் கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்கிறார், அவருக்கு எப்போதுமே குளிர்தான் என்பார். போனில் பார்க்கலாமே என்றால், மேகமலைப் பனி போனைக் கேட்டுக்கொண்டா இறங்குகிறது என்பார். ஜோசியரையும் நம்பமாட்டார். முன்னோர் வழக்கம் என்று ஊரில் யாராவது எதையாவது சொன்னால், "எந்த முன்னோரு? உங்க முன்னோரா, எங்க முன்னோரா?" என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்வார்.

அவர் நம்புவது தேங்காய் எண்ணெயை மட்டும். அதுவும் அவர் தோப்புத் தேங்காய், அவர் கண்ணெதிரே சின்னமனூர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெய். ஐப்பசியில் அதை ஒரு பழைய மருந்து பாட்டிலில் ஊற்றி, தக்கையால் அடைத்து, வெயிலே படாத வடக்குச் சுவரில், குளிக்கிற தொட்டிக்கு மேலே மாட்டிவிடுவார். பழுப்புக் கண்ணாடி பாட்டில். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் தினமும் விடிந்ததும் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்ப்பார். எண்ணெய் ஓடினால் குளிர்காலம் வரவில்லை. ஓடாமல் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், வந்துவிட்டது.

வந்துவிட்டால்தான் அந்த வீட்டில் வெந்நீர். வந்துவிட்டால்தான் கொள்ளு ரசம், காதைச் சுற்றித் துண்டு, ராத்திரிச் சோற்றில் தயிருக்குத் தடை. அதுவரை பச்சைத் தண்ணீர். "வராத குளுருக்கு வெந்நி போடுறது, பொறக்காத புள்ளைக்குத் தொட்டில் கட்டுற மாதிரி" என்பது அவருடைய கொள்கை. மேலத்தெருவும் இதற்குக் கட்டுப்பட்டது. "மாமா, ஓடுச்சா, நின்னுச்சா?" என்று காலையில் கேட்டுவிட்டுத்தான் டீக்கடைப் பாண்டீஸ்வரன் இஞ்சியைத் தட்டுவான். முப்பது வருடம் பாட்டில் தவறியதில்லை. கார்த்திகைக் கடைசியிலோ மார்கழி முதல் வாரத்திலோ எண்ணெய் உறைந்துவிடும்.

முப்பத்தோராவது வருடம்தான் சிக்கல்.

சிக்கலின் வேர் ஓர் அட்டைப்பெட்டி. தேனியில் வேலை பார்க்கும் மகள் நாகஜோதி, போன வருடம் கார்த்திகையில் அம்மாவின் முழங்காலை நினைத்து ஒரு கீசர் வாங்கி அனுப்பினாள். தேனி பஜாரில் மின்சாமான் கடை வைத்திருக்கும் எபனேசரே அதை எடுத்துக்கொண்டு மாட்டிக்கொடுக்க வந்தார். எபனேசரும் கருத்தக்கண்ணனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருவர் சொல்வதை மற்றவர் ஒப்புக்கொண்டதில்லை.

"சுவத்தக் காட்டுப்பா கருத்தா, பத்து நிமிசத்துல மாட்டிருவேன்."

"எதுக்கு?"

"குளுருக்கு."

"குளுரு வந்திருச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"டிசம்பர் ஒண்ணாம் தேதி வீட்டுல ஸ்டார் கட்டுனா எங்களுக்குக் குளுரு வந்திருச்சு. அம்புட்டுத்தான்."

"நீ கட்டுற காயிதத்துக்கு வானம் கட்டுப்படுமாக்கும்!"

வாக்குவாதம் பாண்டீஸ்வரன் கடை வரை போயிற்று. அங்கே பதினோரு பேர் முன்னிலையில், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கருத்தக்கண்ணன் சொன்னார்: "என் பாட்டில் என்னைக்குத் தப்பாச் சொல்லுதோ, அன்னைக்கு இந்தக் கீசர என் கையால என் வீட்டுச் சுவத்துல மாட்டுறேன். இது வாக்கு." அன்றிலிருந்து கீசர் பெட்டி பிரிக்கப்படாமல் டிவிக்கு அடியில் மேசையாக இருக்கிறது. ராக்கம்மாள் தினமும் சீரியல் பார்க்கும்போது கூடவே வெந்நீரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் திருக்கார்த்திகை அன்று சாயங்காலம் நடந்ததை ராக்கம்மாள் தவிர வேறு யாரும் அறியார். கருத்தக்கண்ணன் சொக்கப்பனை கொளுத்துகிற இடத்தில் தீ எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று மேற்பார்வை பார்க்கப் போயிருந்தார். ராக்கம்மாள் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். வாசல், படி, சுவர் மேல், மாட்டுக் கொட்டம் எல்லாம் ஏற்றியாயிற்று. சாமி படத்து முன்னால் ஐந்து விளக்கு பாக்கி இருக்கும்போது நல்லெண்ணெய் தீர்ந்துபோனது. தேங்காய் எண்ணெய் டின்னை முந்தின வாரம்தான் நாகஜோதி தேனிக்குக் கொண்டுபோயிருந்தாள்.

எண்ணெயே இல்லாமல் இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னால், சாக்குக்கு அடியில், பாக்கெட் சூரியகாந்தி எண்ணெய் இரண்டு லிட்டர் இருந்தது. ஆனால் இது எப்பேர்ப்பட்ட ரகசியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். செக்கு எண்ணெய் தவிர வேறு எண்ணெய் தன் வாசல்படி தாண்டியதில்லை என்று கருத்தக்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர். மார்கழி பஜனைக்கு ராக்கம்மாள் சுட்டுக் கொடுக்கும் உளுந்த வடையைத் தெருவே கும்பிட்டு வாங்கும், "செக்குக் கடலெண்ணெயில சுட்ட வடைப்பா, மத்த வடையெல்லாம் வடையா?" என்று அவர்தான் அதற்குச் சாட்சி. செக்குக் கடலை எண்ணெயைச் சட்டியில் ஊற்றினால் பொங்கிப் பொங்கி அடுப்பை அணைக்கிறது என்பது சுடுகிறவளுக்குத்தான் தெரியும். ஆறு வருடமாக வடை பாக்கெட் எண்ணெயில்தான் வெந்துகொண்டிருந்தது. செக்கு எண்ணெய் தாளிப்புக்குப் போக மீதி, வருசநாட்டில் இருக்கிற அவள் தங்கச்சி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்படியானால் அந்தப் பாக்கெட் எண்ணெயையே விளக்குக்கு ஊற்றியிருக்கலாமே என்று தோன்றும். தோன்றுகிறவர்களுக்கு ராக்கம்மாளைத் தெரியாது. மனுசனுக்குப் பாக்கெட் எண்ணெய் போதும், சாமிக்கு ஆகாது. அவளுக்கும் கொள்கை உண்டு. ஆகவே வடக்குச் சுவரிலிருந்து பாட்டிலை எடுத்து, தக்கையைத் திறந்து, சுத்தமான தேங்காய் எண்ணெயைச் சாமிக்கு ஊற்றினாள். காலியான பாட்டிலில் பாக்கெட் எண்ணெயை, அதே அளவுக்கு, ஊற்றி மாட்டினாள். குளிர்காலத்துக்கு அது போதும் என்று நினைத்தாள். ஒரு வாரத்தில் நாகஜோதியிடமிருந்து அந்தத் தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் வாங்கி மாற்றிவிடலாம் என்பது திட்டம்.

மார்கழி பிறந்தது. மேற்கு மலையிலிருந்து பனி இறங்கி, திராட்சைப் பந்தல்களைக் காணாமல் செய்தது. சபரிமலை போகிற வேன்கள் காலை ஏழு மணிக்கும் விளக்குப் போட்டுக்கொண்டு கம்பம் பக்கம் ஊர்ந்தன. பேசினால் வாயில் புகை வந்தது. மேலத்தெருவில் எல்லா வீட்டு எண்ணெயும் வெள்ளையாக இறுகிப்போனது. பக்கத்து வீட்டு வேல்விழி தலைக்கு வைக்கிற எண்ணெயை டப்பாவிலிருந்து கரண்டிக் காம்பால் தோண்டி எடுத்தாள்.

கருத்தக்கண்ணன் பாட்டிலைக் கவிழ்த்தார். எண்ணெய் கிளுக்கென்று ஓடியது.

"இன்னும் வரல" என்றார். பல் தந்தியடித்தது. பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

மறுநாளும் ஓடியது. அதற்கு மறுநாளும். வேல்விழி தன் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். "பாருங்க சித்தப்பா, கல்லு மாதிரி இருக்கு."

"அது கடை எண்ணெய் ஆத்தா. பயந்த எண்ணெய். லேசாக் காத்தடிச்சாலே ஒறஞ்சு போகும். நம்ம எண்ணெய் அப்பிடியில்ல, நெசமான குளுரு வந்தாத்தான் அசையாது."

"அப்ப இது பொய்க் குளுரா?"

"இது ஐப்பசி மிச்சம்" என்றார் கருத்தக்கண்ணன்.

ராக்கம்மாள் அவசரமாக மகளுக்குப் போன் போட்டு, ஒரு பாட்டில் எண்ணெய் வரவழைத்துவிட்டாள். ஆனால் அதற்குள் இயக்குநருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எண்ணெய் மேல் அல்ல, மனிதர்கள் மேல். கீசர் கட்சிக்காரர்கள் யாரோ விடியுமுன் வந்து பாட்டிலுக்குச் சூடு காட்டிவிட்டுப் போகிறார்கள் என்று முடிவுகட்டினார். நாகஜோதி சின்னப்பிள்ளையாக இருந்தபோது லவ் பேர்ட்ஸ் வளர்த்த கம்பிக் கூண்டைப் பரணிலிருந்து இறக்கினார். பாட்டிலை அதற்குள் வைத்து, கூண்டைச் சுவரில் அடித்து, பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். ராக்கம்மாள் நல்ல எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டைப் பார்த்தபடி நின்றாள். ஊத்துப்பட்டியின் குளிர்காலம் உள்ளே உட்கார்ந்திருந்தது. அவளால் திறந்துவிட முடியவில்லை.

இதன்பின் மேலத்தெருவில் நடந்தது சரித்திரத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. தெரு முழுக்கக் குளிரைத் திருட்டுத்தனமாக அனுபவிக்க ஆரம்பித்தது. பெரிய மனுசன் மனம் நோகக்கூடாது, அதே சமயம் சளியும் பிடிக்கக்கூடாது. கொல்லைப்பக்கமாக அடுப்பு மூட்டி வெந்நீர் போட்டார்கள். கொள்ளு ரசம் வைத்தால் ஜன்னலைச் சாத்தினார்கள். பாண்டீஸ்வரன் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டுதான் டீ ஆற்றுவான், தெருமுனையில் கருத்தக்கண்ணன் தலை தெரிந்ததும் குல்லாவைக் கழற்றிச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டுவிட்டு, "உஷ்... என்னா வேக்காடு மாமா!" என்று துண்டால் விசிறிக்கொள்வான்.

"வேக்காடுன்னு சொல்ல முடியாதுப்பா" என்பார் கருத்தக்கண்ணன் நியாயமாக. "மிதமா இருக்கு." உதடு நீலமாக இருக்கும்.

ஊரில் உண்மையாகக் குளிரில் இருந்தது இரண்டே பேர்: அவரும், அவரை மணந்தவளும். ராக்கம்மாளுக்கு முழங்கால் கதவுக் கீல் போலக் கிறீச்சிட்டது. வேல்விழி வீட்டில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கியிருக்கலாம். தன் தப்புக்குத் தான் நனையவேண்டும் என்று அவள் வாங்கவில்லை. இந்த வீட்டில் பிடிவாதம் ஒருவருக்கு மட்டும் சொந்தமல்ல.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எபனேசர் கேக் கொண்டுவந்தார். கூண்டைப் பார்த்தார். அதன் பூட்டைப் பார்த்தார். மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்.

"கருத்தா, என்னாப்பா இது, குளுர அரெஸ்ட் பண்ணி வச்சிருக்க?"

"பாதுகாப்பு."

"ஒண்ணு செய்வோம். பாண்டி கடைப் பிரிஜ்ஜுல ஒரு மணி நேரம் வப்போம். ஒறையுதா பாப்போம். ஒறஞ்சா ஒன் எண்ணெய் சரி."

மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்த ராக்கம்மாளின் கை நின்றுவிட்டது. ஒரு மணி நேரமல்ல, பொங்கல் வரைக்கும் வைத்தாலும் அது உறையாது.

கருத்தக்கண்ணன் நண்பனை இரக்கத்தோடு பார்த்தார். "பிரிஜ்ஜுல வச்சு ஒறைய வைக்கிறது, ஸ்டேசன்ல அடிச்சு ஒத்துக்க வைக்கிற மாதிரி. அது வாக்குமூலமாய்யா? தானா ஒறையணும்."

ராக்கம்மாள் மறுபடி மொச்சைக்காயை உரிக்க ஆரம்பித்தாள். எபனேசர் புறப்படும்போது வாசலில் அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தங்கச்சி, இருமல் கேட்டியா? நெஞ்சுல இருந்து வருது. பாட்டிலு ஒறையிறதுக்குள்ள இவன் ஒறஞ்சிருவான் போலருக்கு."

அவள் கேட்காமலா இருந்தாள்? தை நெருங்க நெருங்க அந்த இருமல் தோட்டத்து டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொள்வது போல ஆகிவிட்டது. டாக்டர் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். எந்தக் குளிர் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார் இவர். மருந்து இருந்தது, வெந்நீரில் சாப்பிடச் சொல்லியிருந்ததால் சாப்பிடவில்லை. பாட்டில் சொன்னால் ஒழிய அவர் பின்வாங்கமாட்டார். பாட்டிலோ ஒருநாளும் சொல்லப்போவதில்லை. இதை அறிந்தவள் அவள் ஒருத்தி. சொன்னால் வடை போய்விடும். சொல்லாவிட்டால் புருசன் போய்விடுவார். மார்கழிக் கடைசி வரை அவள் இதை யோசித்தாள் என்பதிலிருந்து அந்த வடையின் மதிப்பை நாம் புரிந்துகொள்ளலாம்.

பொங்கலுக்கு முதல் நாள், காப்புக் கட்டு அன்று காலை. பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் வாசலில் செருகிவிட்டு ராக்கம்மாள் கொல்லைக்கு வந்தாள். கருத்தக்கண்ணன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, காய்ச்சலில் கண் சிவந்து, பச்சைத் தண்ணீர்ச் சொம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தார்.

"ஊத்தாதீக."

"ஏன்?"

"அந்தப் பாட்டில்ல இருக்கிறது நம்ம எண்ணெய் இல்ல."

சொம்பு அந்தரத்தில் நின்றது. அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்: கார்த்திகை, ஐந்து விளக்கு, அரிசிப் பானை, சாக்கு. அவர் சொம்பை இறக்கினார். அரைஞாணிலிருந்து சாவியை எடுத்து, கூண்டைத் திறந்து, தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தார். மறுபடி மோந்தார்.

"சாமி விளக்குக்கு நம்ம எண்ணெயவா ஊத்துன?"

"பின்ன? சாமிக்குப் பாக்கெட் எண்ணெய் ஊத்துறதா?"

 அதில் அவரால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அது அவருக்கே சங்கடமாக இருந்தது.

"அது சரி. பாக்கெட் எண்ணெய் நம்ம வீட்டுக்கு எதுக்கு வந்துச்சு?"

அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அவர் முகத்தில் மெல்ல ஒரு பயங்கரம் பரவியது.

"ராக்கு... வடை?"

"ஆறு வருசமா."

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மார்கழிக்கு மார்கழி, ஆறு வருடம், கோயில் வாசலில் நின்று தான் சொன்ன சாட்சி அத்தனையும் வரிசையாக வந்து எதிரே நின்றிருக்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது. பொங்கலுக்குத் திராட்சை வாங்க வந்த எபனேசர், பாண்டீஸ்வரனையும் கூட்டிக்கொண்டு நேரே கொல்லைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே வேல்விழி. பாண்டீஸ்வரன் அவசரத்தில் குல்லாவைக் கழற்ற மறந்திருந்தான்.

"என்னாப்பா, கூண்டு தெறந்திருக்கு? ஒறஞ்சிருச்சா?" என்றார் எபனேசர். "நாளைக்குத் தை. மார்கழி முழுக்க ஒம் பாட்டிலுக்குக் குளுரலையே. இப்பவாச்சும் ஒத்துக்க. பாட்டிலு தப்பா, குளுரு தப்பா?"

ராக்கம்மாள் புருசனைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாட்டிலில் தப்பில்லை, எண்ணெய்தான் வேறு, அதை ஊற்றியவள் இவள் என்றால் முப்பத்தோரு வருடப் பெயர் அப்படியே திரும்பி வந்துவிடும். அவள் வடைதான் தெருவில் கவிழும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கருத்தக்கண்ணன் எபனேசரைப் பார்த்தார், குல்லாவைப் பார்த்தார், கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். எண்ணெய் முழுக்க மண்ணில் போய்ச் சேர்ந்தது. இனி யாரும் மோந்து பார்க்க முடியாது.

"பாட்டில் தப்பாச் சொல்லிருச்சு" என்றார்.

 எபனேசருக்கே என்னவோ போலாகிவிட்டது. ஐம்பது வருட நட்பில் ஜெயிப்பது இதுதான் முதல் தடவை. எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "அட விடுப்பா, பழைய பாட்டிலு..." என்று இழுத்தார்.

"வாக்கு வாக்குதான்."

உள்ளே போய் டிவியை இறக்கி, அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்தார். எபனேசர் உதவிக்கு வந்தபோது தடுத்துவிட்டார். என் கையால் என்றுதான் சொல்லியிருந்தார். இருமி இருமி, கூண்டு இருந்த அதே இடத்தில், வடக்குச் சுவரில், கீசரைத் தானே மாட்டினார். நன்றாகத்தான் மாட்டினார். எபனேசர் சுற்றிமுற்றிப் பார்த்தார்.

"ஒயரு எங்கப்பா? இங்கன பிளக் பாயிண்டே இல்லையே?"

"மாட்டுவேன்னுதான் சொன்னேன். கரண்டு குடுப்பேன்னு நான் சொல்லவே இல்ல. பதினோரு பேரு சாட்சி, வேணும்னா கேளு."

பாண்டீஸ்வரன் அப்படித்தான் என்று தலையாட்டினான். குல்லாவின் குஞ்சமும் சேர்ந்து ஆடியது.

எல்லோரும் போனபிறகு ராக்கம்மாள் ஒளித்து வைத்திருந்த நல்ல எண்ணெயைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கி மோந்து பார்த்து, பாட்டிலைக் கழுவி, எண்ணெயை வெயிலில் உருக்கி நிரப்பி, கீசரின் குழாயிலேயே தொங்கவிட்டார். மாட்டுவதற்கு அது ஆணியைவிட வசதியாக இருந்தது என்பதை அவர் ஒப்புக்கொண்டதாகத் தகவல் இல்லை.

மறுநாள் பொங்கல். விடிந்ததும் கருத்தக்கண்ணன் பாட்டிலைக் கவிழ்த்தார். எண்ணெய் அசையவில்லை. ஆட்டினார். அசையவில்லை. வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்து, இருமலுக்கு நடுவே அறிவித்தார்: "நின்னுருச்சுப்பா!" மேலத்தெருவில் ஒரே சமயத்தில் முப்பது குரங்குக் குல்லாக்கள் வெளியே வந்தன. ஜன்னல்கள் திறந்தன. கொள்ளு ரசம் வெளிப்படையாகக் கொதித்தது.

"தை பொறந்தப்புறம் என்னா மாமா குளுரு?" என்று பாண்டீஸ்வரன் தைரியமாகக் கேட்டான்.

"தையில தரை குளுரும், மாசியில மச்சு குளுரும்னு ஒங்க ஆத்தா சொன்னதில்லையா? இப்பத்தான்டா ஆரம்பம். மார்கழில அடிச்சது முன்னோட்டம்" என்றார். பாட்டில் தப்பாகச் சொன்னதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு தடவை மன்னிப்பு உண்டு என்று கீசர் மாட்டிய கையோடு தனக்குள் சட்டம் இயற்றிக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஊத்துப்பட்டி மேலத்தெருவில் குளிர்காலம் பங்குனி பாதி வரை நீடித்தது. உச்சி வெயிலில் குல்லாவோடு டீ ஆற்றியதில் பாண்டீஸ்வரன் நான்கு கிலோ இளைத்தான்.

ராக்கம்மாள் பொங்கலன்று அண்டாவில் வெந்நீர் போட்டாள். முதல் சொம்பை அவர் தலையில் அவளே ஊற்றினாள். "ஆத்தாடி!" என்றார்.  அடுத்த சொம்பை அவள் தன் முழங்காலில் ஊற்றிக்கொண்டாள்; அவளும் அதையே சொன்னாள். கீசர் சுவரில் தொங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அவள் வடை சுட்டாள். அவர் துண்டைக் காதில் சுற்றிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தார். ஒரு வடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கடி கடித்தார். நிறுத்தினார்.

"இது எதுல சுட்டது?"

"சொல்லவா?"

அவர் மென்றுகொண்டே யோசித்தார்.

"வேணாம்" என்றார். "இன்னும் ரெண்டு வையி."